பட்ட மரத்தின் குடிகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், காடு சூழ்ந்த பண்ணை ஒன்றில் நண்பரோடு தங்கியிருந்தேன். வேலியோரம் பட்டுப்போன யூகலிப்டஸ் மரம் ஒன்று நின்றது. “விறகுக்கு வெட்டலாகாதா?” என்றேன். “இருட்டும்வரை பொறுங்கள்” என்றார் நண்பர்.

அந்தி மங்கியதும் அசையாது அமர்ந்திருந்தோம். பொந்திலிருந்து சுகர் கிளைடர் என்னும் சிறு விலங்கு தலைநீட்டியது. குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் இனம் அது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையேயுள்ள தோலை விரித்து, அடுத்த மரத்துக்கு மிதந்து சென்றது.

மாணவ நேயர்களே! அந்நாட்டில் மரங்கொத்திகள் இல்லை. கறையானும் பூஞ்சையும் மெல்ல அரித்தே பெரும்பாலான பொந்துகள் உண்டாகின்றன. பெரிய பொந்து அமைய 100 ஆண்டுகளுக்கு மேலாகும். பறவையும் விலங்குமாக ஏறத்தாழ 300 வகை முதுகெலும்புயிர்கள் அவற்றில் தங்குகின்றன. ஒருநாள் வெட்டில் அழிவது அத்தனை காலத்து வீடு. என் கேள்வியை எண்ணி நாணினேன்.