‘100% தேர்ச்சி’ பேனரை நம்பி பிள்ளையைச் சேர்க்கலாமா? பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, பள்ளிகளின் ஃபிளெக்ஸ் பேனர்கள் பஸ் ஸ்டாண்டில் வரிசைகட்டும். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் போன்ற ஊர்களில், உள்ளூர் அரசுப் பள்ளியா, பஸ் ஏறிப் போகும் தனியார் பள்ளியா என்று பெற்றோர் குழம்புவதும் அப்போதுதான்.

மாவட்டம் கடைசி என்றால் பள்ளியும் மோசமா?

2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80%. வேலூர் 85.44% பெற்று கடைசி இடம். 2024-லும் 82.07% உடன் கடைசிதான். ஆனால் இது மாவட்டம் முழுக்க உள்ள பள்ளிகளின் மொத்தக் கணக்கு. உங்கள் ஊர்ப் பள்ளியின் நிலவரத்தை இது சொல்லாது.

100%-க்குள் ஒளிந்திருப்பது என்ன?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ‘அ’ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 40 பேர். அதில் 15 பேர் டிசி வாங்கிப் போக, மீதி 25 பேரும் பத்தாவது பாஸ். பேனரில் 100%. ‘ஆ’ பள்ளியில் ஒன்பதாவதில் 100 பேர். 98 பேர் தேர்வு எழுதி 90 பேர் பாஸ். தேர்ச்சி 92%தான். ஆனால் ஒன்பதாவதில் இருந்தவர்களில் ‘அ’ கரை சேர்த்தது 62.5%, ‘ஆ’ கரை சேர்த்ததோ 90%. சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு எது பாதுகாப்பு?

என்ன கேட்கலாம்?

* ஒன்பதாவதில் எத்தனை பேர், பத்தாவது எழுதியது எத்தனை பேர்? குறைந்திருந்தால் ஏன்? குடும்பம் ஊர் மாறியதாகவும் இருக்கலாம்.
* மூன்று வருட ரிசல்ட் என்ன? ஒரு வருடத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.
* 35 மார்க்கும் பாஸ்தான். 400-க்கு மேல் எத்தனை பேர்?
* கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா?

‘முதலிடம்’ என்று போட்டிருக்கிறார்களே?

மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. எந்த அளவில் முதலிடம் என்று பள்ளியிடமே கேளுங்கள்.

இதையும் மறக்காதீங்க

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் உண்டு. பொதுவாக, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பேனரைப் பார்த்து நடுவில் மாற்றினால், இந்த வாய்ப்பு கைநழுவலாம். டிசி வாங்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.