கறி கொஞ்சம், கீரை நிறைய... பூலியா விவசாயிகளின் ஒரு பானை பாஸ்தா!

இத்தாலி வரைபடத்தைப் பார்த்தால் பூட்ஸ் போட்ட கால் மாதிரி இருக்கும். அதில் குதிகால் இருக்கும் இடம்தான் பூலியா. ஆலிவ், திராட்சை, கோதுமை என முழுக்க விவசாய பூமி. ஃபோஜா நகரைச் சுற்றிய சமவெளியில் டூரம் கோதுமை கண்ணுக்கு எட்டிய தூரம் விளைகிறது. ஆனால், நிலம் நெடுங்காலம் பெரும்பண்ணைக்காரர்கள் கையில்தான் இருந்தது. 1950-ம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம்தான் அந்தப் பண்ணைகளில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தது. அதுவரை கோதுமை விளைவித்த கூலிக்காரர் வீட்டில் கறி என்பது, குளிர்காலத்தில் பன்றி அறுக்கும்போது கிடைப்பதுதான். அதைக் கொத்தி, உப்பு, மிளகு, சோம்பு சேர்த்துக் குடலில் அடைத்தால் சாசேஜ். அதை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? கொஞ்சமாக எடுத்து, கீரையோடு நிரவினார்கள்.

அந்தக் கீரையின் பெயர் சிமே தி ராப்பா. கடுகு, டர்னிப் வகையறா. கிழங்குக்காக இல்லாமல் இலை, இளந்தண்டு, பூமொட்டுக்காக வளர்க்கிறார்கள். மொட்டு விரிந்து மஞ்சள் தெரிவதற்குள் ஒடித்துவிட வேண்டும். விட்டால் தண்டு நாராகிவிடும். லேசாகக் கசக்கும். சாசேஜின் கொழுப்பு அந்தக் கசப்பை அடக்கிவிடும்.

பாஸ்தாவுக்குப் பெயர் ஓரெக்கியெத்தே, அதாவது குட்டிக் காதுகள். டூரம் ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது. பாரி நகரின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து, மாவைத் துண்டு போட்டு, கத்தியால் இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்துக் காது செய்வதை இன்றும் பார்க்கலாம். டூரத்தில் புரதம் அதிகம், அதனால் வெந்தாலும் குழையாது. உலர் பாஸ்தாவை டூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் இத்தாலி சட்டமே போட்டது.

நான்கு பேருக்கு 300 கிராம் பாஸ்தா, 150 கிராம் சாசேஜ், முக்கால் கிலோ கீரை. இன்றைய உணவகங்களில் சாசேஜை அள்ளிப் போட்டு, கீரையைப் பேருக்குத் தூவுகிறார்கள். அது விருந்துக்குச் சரி. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர்களுக்குப் பழைய அளவுதான் நல்லது.

அடிகனமான பாத்திரத்தில், தோல் உரித்து உதிர்த்த சாசேஜை எண்ணெய் விடாமல் வதக்க வேண்டும். பன்றிக்கறி என்பதால் சிவப்பு துளியும் இருக்கக் கூடாது. கறியை எடுத்துவிட்டு, உருகிய கொழுப்பில் தட்டிய பூண்டு, ஒரு வரமிளகாய். பிறகு ஒன்றேகால் லிட்டர் வெந்நீர். சாசேஜிலேயே உப்பு இருப்பதால் கை அடக்கிப் போடவும். கொதித்ததும் பாஸ்தாவும் தடித்த தண்டுகளும். கடைசி ஐந்து நிமிடத்தில் இலையும் மொட்டும். ஊர் வழக்கப்படி நிறைய தண்ணீரில் வேகவைத்து வடிப்பார்கள். இப்படிக் குறைந்த தண்ணீரில், அடிக்கடி கிளறி வேகவிட்டால் மாவுச்சத்து இறங்கித் தண்ணீரே குழம்பாகக் கெட்டிப்படும். க்ரீம், சீஸ் எதுவும் தேவைப்படாது. வெந்ததும் கறியைச் சேர்த்து இறக்கலாம். சீஸ் வாங்க முடியாத வீடுகளில், காய்ந்த ரொட்டித்தூளை எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள். சீஸைவிட அந்த மொறுமொறுப்பு நன்றாகவே இருக்கும்.

நம் கடைகளில் வாங்குபவர்கள், பாக்கெட்டில் 'டூரம் கோதுமை ரவை' என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். கீரைக்கு, அதே குடும்பத்து முள்ளங்கி இலை பொருந்தும். சிக்கன் சாசேஜில் கொழுப்பு குறைவு. வதக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் வேண்டியிருக்கும்.