பழைய பிக்கப் வண்டிகளில் விட்டுவிட்டு வரும் மின்னேற்றக் கோளாறு

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவது சில நேரம் நின்று, பிறகு தானாகவே சரியாகிவிடுவதே விட்டுவிட்டு வரும் மின்னேற்றக் கோளாறு ஆகும். ஒரேயடியாக நின்றுபோன மின்னேற்றத்தைச் சரிசெய்வதைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம். பட்டறைக்கு வரும்போது வண்டி ஒழுங்காக இருக்கும். இரவில் முகப்பு விளக்கு எரியும்போது சார்ஜ் நின்று, வழியிலேயே எஞ்சின் அணைந்துபோகும். பழைய வண்டிகளில் இக்கோளாறு பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குள் இருப்பதைவிட, அதைச் சுற்றியுள்ள இணைப்புகளிலேயே இருக்கும்.

அமைப்பும் செயல்பாடும்

கிறைஸ்லர் நிறுவனத்தின் 1960 ஆம் ஆண்டு வேலியண்ட் காருக்குப் பின், அமெரிக்க வண்டிகளில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. இதன் சுழலும் பகுதியான ரோட்டாருக்கு இரண்டு கார்பன் பிரஷ்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் செல்கிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் சுழலும்போது, நிலையான சுருளான ஸ்டேட்டரில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் ரோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கிறது.

எஞ்சின் நின்றிருக்கும்போது, முழுச் சார்ஜ் உள்ள 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது எனக் கொள்ளலாம். ஓடும்போதும் 13 வோல்டுக்குக் கீழே இருந்தால் மின்னேற்றம் போதவில்லை. 15 வோல்டைத் தாண்டினால் அளவுக்கு மீறிய மின்னேற்றம்.

கோளாறு வரும் நேரத்தைக் கவனித்தல்

முதல் வேலை பாகத்தை மாற்றுவதல்ல. ஓட்டுநர் பார்க்கும்படி ஒரு வோல்ட்மீட்டரைப் பொருத்தி, சார்ஜ் எப்போது விழுகிறது என்று குறித்துக்கொள்வதே ஆகும். கோளாறு வரும் சூழ்நிலையே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

- மழையிலும் காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடனும் கீச்சொலியோடு வந்தால்: பெல்ட் வழுக்குகிறது.
- மேடுபள்ளத்தில் வந்தால்: தளர்ந்த இணைப்பு, அல்லது உறைக்குள் முறிந்த வயர்.
- எஞ்சின் சூடேறிய பின் வந்தால்: ரெகுலேட்டர், டயோடு அல்லது சூட்டில் விலகும் இணைப்பு.
- ஆல்டர்னேட்டரின் கூட்டை மெல்லத் தட்டினால் திரும்பினால்: தேய்ந்த கார்பன் பிரஷ்.
- எஞ்சினைக் கிளப்பி, ஒருமுறை வேகமாக முடுக்கிய பின்பே சார்ஜ் தொடங்கினால்: எச்சரிக்கை விளக்கின் பல்பு எரிந்துபோயிருக்கலாம். பல வண்டிகளில் ரோட்டாருக்கான தொடக்க மின்சாரம் அந்தப் பல்பு வழியாகவே செல்கிறது.

மின்னழுத்த இழப்புச் சோதனை

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்த பின், இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். மின்தடைமானி இதற்குப் போதாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரிலும் அதன் மிகச் சிறிய மின்சாரம் தடையின்றிச் செல்லும். ஓர் இணைப்பில் 0.05 ஓம் மட்டுமே தடை இருந்தாலும், 40 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கே இழக்கப்படும். 80 வாட் வெப்பமும் உண்டாகும். எனவே மின்சாரம் பாயும் நிலையிலேயே அளக்க வேண்டும்.

எஞ்சினை நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுகளில் ஓடவிட்டு, முகப்பு விளக்கையும் ஹீட்டர் விசிறியையும் போட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும், மற்றொன்றைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். வயரின் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வைத்தால்தான் கிளாம்பின் பழுதும் தெரியும். இங்கே 0.5 வோல்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பாதையில் பழுது உள்ளது. அடுத்து ஆல்டர்னேட்டரின் கூட்டுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும், இது 0.2 வோல்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. அளந்துகொண்டே ஒவ்வொரு இணைப்பையும் அசைத்துப் பார்த்தால், அளவு துள்ளும் இடமே பழுதான இடம்.

சில வண்டிகளின் பலவீனங்கள்

பழைய டாட்ஜ் பிக்கப்களில் சார்ஜ் மின்சாரம், எஞ்சின் அறைச் சுவரில் உள்ள கனெக்டர் வழியாக டாஷ்போர்டின் அம்மீட்டருக்குச் சென்று திரும்பும். அந்தக் கனெக்டரின் தகடுகள் துருப்பிடித்துச் சூடாகிக் கருகுவது உண்டு.

1980களின் பிற்பகுதி ஃபோர்டு எஃப் வரிசையில் வந்த சில ஆல்டர்னேட்டர்களில் வெளியீட்டு மின்சாரம் நட்டால் முடுக்கிய முனைக்குப் பதிலாகச் செருகும் பிளக்கின் வழியாகச் சென்றது. அந்தப் பிளக் தளர்ந்தால் உருகித் தீப்பிடிக்கவும் கூடும். கருகிய பிளக்கோடு புதிய ஆல்டர்னேட்டரை இணைப்பது ஆபத்து.

அதற்கு முந்தைய ஃபோர்டுகளில் ரெகுலேட்டர் தனியாக எஞ்சின் அறையில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் கூட்டுக்கு நல்ல எர்த் இல்லாவிட்டால் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும்.

ஆல்டர்னேட்டரா, ரெகுலேட்டரா?

தனி ரெகுலேட்டர் உள்ள ஃபோர்டுகளில் இதை எளிதில் பிரித்தறியலாம். எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டரின் பிளக்கைக் கழற்றி, பிளக்கின் ஏ, எஃப் முனைகளை ஒரு வயரால் இணைக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பியதும் மின்னழுத்தம் உயர்ந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக உள்ளது. பழுது ரெகுலேட்டரிலோ அதன் வயரிங்கிலோ இருக்கிறது. உயராவிட்டால் பிரஷ், ரோட்டார் அல்லது அவற்றுக்குச் செல்லும் வயரைப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடின்றி மின்னழுத்தம் ஏறும் என்பதால் சில நொடிகளே இதைச் செய்ய வேண்டும். கோளாறு நிலவும் நேரத்தில் செய்தால் மட்டுமே விடை நம்பத்தக்கது.

மல்டிமீட்டரை மாறுதிசை மின்னழுத்தத்துக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் அளக்கும்போது 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் டயோடு பழுதாகியிருக்கக்கூடும்.

பாதுகாப்பு

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் தவறானது. அப்போது எழும் மின்னழுத்தம் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயரில் எஞ்சின் நின்றிருந்தாலும் மின்சாரம் இருக்கும். ஆகவே அதைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும்.

பழுது நீங்கியதை உறுதிசெய்தல்

ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டும்போது பிளக்குகளும் அசைந்து, தற்காலிகமாக நன்றாகத் தொட்டுக்கொள்ளும். அதனால் புதிய பாகமே கோளாறைத் தீர்த்தது போலத் தோன்றி, சில நாளில் அது திரும்ப வரும். கோளாறு முன்பு வந்த அதே சூட்டிலும், அதே சாலையிலும், அதே மின்சுமையிலும் வண்டியை ஓட்டி, வோல்ட்மீட்டர் நிலையாக நின்றால்தான் பழுது நீங்கியது எனக் கொள்ள வேண்டும்.