தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்? மதுரையா, ஸ்ரீவில்லிபுத்தூரா?

பெரியகுளம் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தாலும் சரி, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து மொபைலிலேயே பிடிஎஃப் இறக்கினாலும் சரி, கையில் கிடைக்கும் சாதிச் சான்றிதழின் மேலே அந்த வட்ட முத்திரை இருக்கும். பள்ளிப் புத்தகத்தில் தொடங்கி அரசாணை வரை வாழ்நாள் முழுக்கப் பார்த்ததுதான். அதில் இருக்கும் கோபுரம் எந்தக் கோயிலுடையது என்று கேட்டால் மட்டும் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர் யோசிக்காமல் "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்பார். போட்டித் தேர்வு கையேடுகள் பலவற்றில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. மதுரைப் பக்கம் சொந்தம் உள்ளவர் "மீனாட்சி அம்மன் கோயில்தான்" என்று சண்டைக்கே வருவார். தேனி மாவட்டமே 1996-ல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்ததுதான். அதுவரை பெரியகுளமும் மதுரை மாவட்டத்து ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரோ வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம். எந்தக் கட்சியில் சேருவது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்விதான்.

சரி, முத்திரையில் என்னென்ன இருக்கிறது? நடுவில் அசோகரின் சிங்கத் தூண் தலைப்பகுதி. இரு பக்கமும் தேசியக் கொடி. பின்னணியில் கோபுரம். வட்டத்தின் மேல் விளிம்பில் "தமிழ்நாடு அரசு", கீழே "வாய்மையே வெல்லும்". கோபுரத்தைத் தவிர மற்ற எதைப் பற்றியும் பெரிய சர்ச்சை இல்லை.

இதை வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ். ஆண்டு 1949. அப்போது மாநிலத்தின் பெயர் மதராஸ். முதல்வர் பதவிக்கே "பிரதமர்" என்றுதான் பெயர். தான் வரைந்தது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைத்தான் என்று பின்னாளில் கிருஷ்ணா ராவே சொல்லியிருக்கிறார். வரைந்தவரே சொல்லிவிட்ட பிறகு வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கட்சிக்கும் பலமில்லாமல் இல்லை. வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி உயரம். மதுரை மேற்குக் கோபுரம் 9 நிலைதான். மதுரைக் கோபுரம் முழுக்கச் சுதைச் சிற்பங்கள் நெருக்கியடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தில் அவ்வளவு சிற்பங்கள் கிடையாது. சின்ன வட்டத்துக்குள் கோடுகளாகச் சுருங்கிய கோபுரத்தைப் பார்க்கும் யாருக்கும் சட்டென அதுதான் நினைவுக்கு வரும். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்கு ரசிகமணி டி.கே.சி. இந்தக் கோபுரத்தைப் பரிந்துரைத்தார் என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. அதே 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்குப் பின் பிரதமரான பி.எஸ்.குமாரசாமி ராஜா, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய ராஜபாளையத்துக்காரர். இதெல்லாம் சேர்ந்து நம்பிக்கை வலுப்பட்டிருக்கலாம். ஆனால் பக்கத்து ஊர்க்காரர் பதவிக்கு வந்தது ஆதாரம் ஆகாதே! ஓவியரின் வாக்குமூலத்துக்கு முன்னால் இவை நிற்பது கஷ்டம்.

கோபுரம் எந்த ஊருடையது என்பதைவிடச் சுவாரசியமான கேள்வி ஒன்று உண்டு. அது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது?

1967-ல் ஆட்சிக்கு வந்தது பகுத்தறிவு பேசிய திமுக. அந்த ஆண்டு ஜூலை 18-ம் தேதி பெயர் மாற்றத் தீர்மானம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் மாநிலம் அதிகாரபூர்வமாக "தமிழ்நாடு" ஆனது. முத்திரையிலும் கை வைத்தார்கள். முண்டக உபநிடதத்திலிருந்து வந்த "சத்யமேவ ஜெயதே" போய், அதே பொருளில் "வாய்மையே வெல்லும்" வந்தது. எழுத்து மாறியது, கோபுரம் அப்படியே நின்றது. மதச்சார்பற்ற அரசின் முத்திரையில் கோயில் கோபுரமா என்ற கேள்வி அவ்வப்போது எழும். அது வழிபாட்டுச் சின்னமில்லை, தமிழ்நாட்டுக் கட்டடக்கலையின் அடையாளம் என்று பதில் வரும். அண்ணாவுக்குப் பின்னும் எத்தனையோ அரசுகள் மாறின, எதுவும் கோபுரத்தை அசைக்கவில்லை. பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்து 2001-ல் முதல்வரான ஓ.பன்னீர்செல்வத்தின் மேசைக்குப் போன கோப்புகளிலும் இதே கோபுரம்தான்.

முத்திரையில் எதை வைப்பது, எதை விடுவது என்பது இங்கே பழைய அரசியல். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் ஒரு முத்திரை உண்டு. அதில் சோழரின் புலி மட்டுமா இருக்கிறது? பக்கத்திலேயே பாண்டியரின் இரண்டு மீன்களும் சேரரின் வில்லும் இருக்கின்றன. "மூன்று நாடும் எங்களுக்குக் கீழே" என்பதை வார்த்தையில்லாமல் சொன்ன விதம் அது. பாண்டிய நாட்டுக்காரர்கள் அந்த மீன்களை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

சரி, ஒரு சின்னத்தின் பொருளை உருவாக்கியவரும் மக்களும் வேறு வேறாகப் புரிந்துகொள்வது தமிழ்நாட்டில் மட்டும் நடக்கிற விஷயமா? இல்லை. ரஷ்யாவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. அங்கே நகரங்கள் தமக்கென இலச்சினை வைத்திருக்க வேண்டும் என்று பேரரசி இரண்டாம் கேத்தரின் 1785-ல் சாசனமே வெளியிட்டார். சைபீரியாவில், பைக்கால் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் இர்குட்ஸ்க் நகரத்துக்கு 1790-ல் கிடைத்த இலச்சினையில், வாயில் ஒரு சேபிளைக் கவ்விக்கொண்டு ஓடும் புலி. சேபிள் என்பது கீரி சைஸில் இருக்கும் விலங்கு. அதன் ரோமத்தை விற்றுத்தான் சைபீரியா பணம் பார்த்தது.

அந்தப் பகுதியில் புலிக்கு "பாப்ர்" என்று பெயர். பாரசீகத்திலும் புலி "பப்ர்"தான். வடஇந்தியாவில் சிங்கத்தை "பப்பர் ஷேர்" என்பது இதே சொல்லை வைத்துத்தான். ஆனால் ரஷ்ய மொழியில் "போப்ர்" என்றால் பீவர், அதாவது ஆற்றில் அணை கட்டும் விலங்கு. 19-ம் நூற்றாண்டில், தலைநகரில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் "பாப்ர்" என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்துக் குழம்பினார்கள். விளைவு, 1878-ல் அங்கீகரிக்கப்பட்ட இர்குட்ஸ்க் மாகாண இலச்சினையில் புலிக்குத் தட்டையான பெரிய வாலும், சவ்வு ஒட்டிய கால்களும் முளைத்துவிட்டன. உலகத்தில் எங்குமே இல்லாத கறுப்பு மிருகம் அது.

நகரத்துக்காரர்கள் வெட்கப்பட்டார்களா என்றால், இல்லை. இன்று இர்குட்ஸ்க் நகர இலச்சினையில் இருப்பதும் அதே விசித்திர மிருகம்தான். 2012-ல் அதற்கு வெண்கலச் சிலையே வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே அதிகாரிகள் செய்த பிழையை ஊர் தத்தெடுத்துக்கொண்டது. இங்கே ஓவியர் சரியாகச் சொன்னதை ஊர் ஏற்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முத்திரை பிடித்திருக்கிறது என்பதற்காக விசிட்டிங் கார்டிலோ கார் கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்ள முடியாது. மாநில அரசு முத்திரையை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நடுவில் இருக்கும் சிங்கத் தலைப்பகுதிக்கு 2005-ல் தனிச் சட்டமே உண்டு: மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா டிசைனுக்குப் போட்டேன் சார்" என்பது எடுபடாது.

கோபுரத்தை நேரில் பார்த்தே முடிவு செய்வோம் என்பவர்களுக்குப் பெரியகுளத்திலிருந்து மதுரை சுமார் 80 கிலோமீட்டர். மேலச் சித்திரை வீதியில் நின்று, மொபைலில் இருக்கும் சான்றிதழைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரு நடை போனால், பால்கோவா லாபம்.