தராசு யார் கையில்?

தஞ்சோங் டாவாயில் கருவாடு வாங்கப் போகிற நம்மவர்கள் நெத்திலியை முகர்ந்து பார்ப்பதற்கு முன்பே தராசு முள்ளைப் பார்த்துவிடுவார்கள். மெர்போக் ஆறு கடலில் சேரும் ஊர் அது. படகுக்கு முன்பணம் கொடுத்த தவுக்கேயே மீனை நிறுத்து, அவரே விலையும் சொன்னால் மீன் பிடித்தவனுக்கு என்ன மிஞ்சும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் செய்தி படிக்கும்போது குறுக்கே வந்து உட்காருகிற விளம்பரமும் இப்படித்தான் விலைபோகிறது. பக்கம் திறக்கும் கண்சிமிட்டலுக்குள் ஓர் ஏலம் முடிந்துவிடும். பத்திரிகையின் இடத்தை விற்றுத் தரும் கருவி, வியாபாரிக்காக அதை வாங்கித் தரும் கருவி, ஏலம் நடக்கும் சந்தை என மூன்றிலும் ஒரே கை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அவரே தரகர், தராசும் அவருடையது. விற்கும் கருவியையும் சந்தையையும் முடிச்சுப் போட்டு கூகுள் ஏகபோகம் நடத்தியது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா நீதிமன்றம் சொன்னது. வாங்கும் பக்கத்துக் குற்றச்சாட்டை அது ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் கூகுளுக்கு 295 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பிரிட்டனில் விளம்பரதாரர்கள் 2020-இல் கணக்குப் பார்த்தார்கள். செலவழித்த 100 பவுனில் பத்திரிகைகளுக்குப் போனது 51. வழியில் 15 பவுன் எங்கே போனதென்றே தெரியவில்லை! நம் கடையில் கல்லாவில் 15 வெள்ளி குறைந்தால் அன்றைக்குக் கடை மூடுவோமா?

பத்து, இருபது வெள்ளியில் சின்னக் கடைக்காரரும் விளம்பரம் செய்ய முடிகிறதே என்பார்கள். முடிகிறதுதான்.

எனக்குக் கவலை நம் நாளிதழ்களைப் பற்றி. 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் மிச்சமிருக்கும் ஏடுகள் தீபாவளி வாழ்த்தையும் நினைவஞ்சலியையும் நம்பித்தான் மூச்சுவிடுகின்றன. இணையத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்றார்கள். அங்கே போனால் தராசு வேறொருவர் கையில். நம் போட்டிச் சட்டம் 2012-இல் அமலுக்கு வந்தபோது, நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்குவதைத் தடுக்கும் பிரிவே அதில் இல்லை. கூகுளின் ஏகபோகமோ, பிற நிறுவனங்களையும் விலைக்கு வாங்கிப் பெருத்தது.

அண்மையில் சுங்கை பட்டாணியில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவரின் படம், சடங்கு நேரம் எல்லாம் முதல் நாளே வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. பேப்பரில் போட்டீர்களா என்று மகனிடம் கேட்டேன்.

“எந்தப் பேப்பர்ல அண்ணே?” என்றார்.