பார்க் தெருவை விட்டுப் போகாத கிதார்

புது தில்லி: 2016 நவம்பர் 28. உயர் மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பைக் கண்டித்து மேற்கு வங்கத்தில் இடதுசாரிக் கட்சிகள் 12 மணி நேர முழு அடைப்புக்கு அழைப்பு விடுத்திருந்தன. அதே பிரச்னைக்காக முதல்வர் மம்தா பானர்ஜி கொல்கத்தாவில் தனியே பேரணி நடத்தினார். தில்லியில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் அமளியில் முடங்கிக் கிடந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, 74 வயது கிதார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ கொல்கத்தாவில் காலமானார்.

அன்றைய அரசியல் பக்கங்களில் அவருக்கு இடம் கிடைக்காததில் வியப்பில்லை. ஆனால் அவரது வாழ்க்கையைச் சொல்லப் புகுந்தால், அரசியல் சாசனத்தின் சில பிரிவுகளைத் தொடாமல் கடக்க முடியாது.

பெங்களூரில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர் கிட்டோ. இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கிதாரில் கை பழகியவர். ஜாஸ் இசையில் 'பீபாப்' என்றொரு பாணி உண்டு. 1940களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்தெடுத்தது அது. நடனமாடுவதற்கான இசையாக இருந்த ஜாஸை, உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்க வேண்டிய இசையாக அவர்கள் மாற்றினர். தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சுரக்கட்டின் மீது அந்தக் கணத்தில் தோன்றுவதை மின்னல் வேகத்தில் வாசிக்க வேண்டும். கச்சேரியில் கல்பனா ஸ்வரத்துக்காகக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதன் சுவை புரியாததல்ல. 25 வயதிலேயே மறைந்துவிட்ட அமெரிக்க கிதார் மேதை சார்லி கிறிஸ்டியன்தான் கிட்டோவுக்கு ஆதர்சம்.

அவர் கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது 1970களின் தொடக்கத்தில். அதற்கு முந்தைய இரு பத்தாண்டுகள் பார்க் தெருவின் பொற்காலம். டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், மூலான் ரூழ் என்று வரிசையாக உணவகங்கள்; மாலையானால் ஒவ்வொன்றிலும் ஓர் இசைக்குழு. சென்னை அண்ணா சாலையில் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடத் தொடங்கிய உஷா உதுப், காஞ்சிப் பட்டுடன் போய்ப் பெயர் வாங்கியதும் டிரிங்காஸ் மேடையில்தான். புளூ ஃபாக்ஸில் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ், பாடகி பாம் கிரெயின், சாக்சஃபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வஸ் ஆகியோர் கோலோச்சினர். பேங்க்ஸின் குழுவில் கிட்டோவும் வாசித்தார்.

ஆனால், அவர் வந்து சேர்ந்தபோதே விளக்குகள் மங்கத் தொடங்கிவிட்டன. நக்ஸல்பாரி இயக்கமும் அதன் மீதான அடக்குமுறையும் நகரின் இரவுகளைப் பறித்துக்கொண்டன. தொழில்கள் வெளியேறின. மின்வெட்டு அன்றாடம் ஆயிற்று. நேரடி இசை நடத்தும் உணவகங்கள் மீது மாநில அரசு விதித்த கேளிக்கை வரி, எஞ்சியிருந்த இசைக்குழுக்களையும் கலைத்தது. மேட்டுக்குடியின் பொழுதுபோக்குக்கு வரி போடுவதில் தவறென்ன என்று அன்று கேட்டிருக்கலாம். அந்த வரியால் வேலை இழந்தவர்கள் மேட்டுக்குடியினர் அல்லர். மாதச் சம்பளத்துக்கு வாசித்த கலைஞர்கள்.

பலர் புறப்பட்டனர். பேங்க்ஸ் 1970களின் இறுதியில் மும்பை சென்றார். 1988இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'மிலே சுர் மேரா துமாரா' ஒருமைப்பாட்டுப் பாடலின் இசையில் அவருக்கும் பங்குண்டு. கிட்டோ கொல்கத்தாவிலேயே இருந்தார். கேட்பவர் எண்ணிக்கை குறைந்தபோதும் பீபாப்பைக் கைவிடவில்லை. 1915இல் தொடங்கப்பட்ட கல்கத்தா இசைப்பள்ளியிலும் பிற இடங்களிலும் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கிதார் கற்பித்தார்.

அவரது சமூகத்தாரும் வெளியேறிக்கொண்டுதான் இருந்தனர். ரயில்வே, சுங்கம், தபால்-தந்தித் துறைப் பணிகளில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கு அளிக்கப்பட்ட தனிச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்துப் பத்தாண்டுகளில் முடித்துக்கொள்ள சாசனத்தின் 336ஆவது பிரிவு வகை செய்தது. அதன்படி 1960இல் அது முடிவுற்றது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பங்கள் கப்பலேறின. போகாதவர்களுக்கு மிஞ்சிய அரசியல் பிடிமானம் 331ஆவது பிரிவு: மக்களவைக்கு இருவரை குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். ஃபிராங்க் ஆந்தனி பல மக்களவைகளில் அப்படி அமர்ந்தவர்.

2019 டிசம்பரில் அதுவும் போயிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தனித் தொகுதிகளை மேலும் பத்தாண்டுகள் நீட்டித்த சட்டத் திருத்த மசோதா, ஆங்கிலோ-இந்திய நியமனத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் அச்சமூகத்தினர் 296 பேர்தான் என்றார் அன்றைய சட்ட அமைச்சர் ரவிசங்கர் பிரசாத். சமூகத்தினரோ தாங்கள் லட்சக்கணக்கில் இருப்பதாக வாதிட்டனர். மாநிலங்களவையில் திரிணமூல் உறுப்பினர் டெரெக் ஓ'பிரையன் இந்த நீக்கத்தைக் கண்டித்துப் பேசினார். அவரது தந்தை நீல் ஓ'பிரையன் நியமன உறுப்பினராக மக்களவையில் இருந்தவர். ஆனால், இட ஒதுக்கீட்டை நீட்டிக்கும் மசோதாவை எந்தக் கட்சி எதிர்க்கும்? எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் மாநிலங்களவையில் அது நிறைவேறியது. 2020 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கும் வந்தது. ஆங்கிலோ-இந்தியர் என்பவர் யார் என வரையறுக்கும் 366ஆவது பிரிவின் வாசகம் மட்டும் சாசனத்தில் அப்படியே இருக்கிறது.

தாம் 296 பேரில் ஒருவராக எண்ணப்பட்டோமா இல்லையா என்ற கேள்வி எழும் முன்பே கிட்டோ போய்விட்டார். மேடையில் அவர் வாசித்ததில் பெரும்பகுதி பதிவாகாமல் காற்றோடு கலந்தது. ஆறுதலாக ஓர் ஆவணப்படம் இருக்கிறது. 'ஃபைண்டிங் கார்ல்டன்' என்ற பெயரில் சுஷீல் குரியன் இயக்கிய அது, அவர் உயிரோடிருந்தபோதே வெளிவந்தது. இந்தியாவில் ஜாஸ் கடந்துவந்த பாதையைத் தேடும் அந்தப் படத்தில் கிட்டோவைக் கிதாரும் கையுமாகப் பார்க்கலாம்.