திட்டினால் சர்க்கரை இறங்குமா?

லெம்பா பெர்த்தாமில் ஒரு வீட்டுக்குப் போனால், உட்காருவதற்குள் தேநீர் வந்துவிடும். கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலையோடு நம்மவர்களுக்கு உள்ள உறவு அங்கே அவ்வளவு பழையது. அப்படிப்பட்ட ஊரில், டின் பால் ஊற்றிக் கலக்கிய தேநீரை வேண்டாம் என்று சொல்ல ஒருவர் “எனக்கு இனிப்பு நீர்” என்று காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. உடனே பேச்சு திரும்பிவிடும். “எவ்வளவு இருக்கு? சோற்றைக் குறைக்கலையா? எங்க மாமாவுக்குக் காலையே எடுத்துட்டாங்க!” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அடுத்த முறை அவர் வாய் திறக்காமல் அந்தத் தேநீரைக் குடித்துவிடக்கூடும்.

மாணவர்களே, நீரிழிவு என்றால் மாத்திரை, ஊசி, உணவுக் கட்டுப்பாடு என்றுதான் படித்திருப்பீர்கள். அதற்கு மனம் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. இந்த நோய்க்கு விடுமுறை கிடையாது. சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். இதில் வரும் சலிப்பையும் பயத்தையும் குற்ற உணர்வையும் அளக்க, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையத்தைச் சேர்ந்த வில்லியம் பொலோன்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 1995-இல் வெளியிட்டார்கள். இதை நீரிழிவு மனச்சுமை எனலாம். இது மனச்சோர்வு நோய் அல்ல. நோயைச் சுமப்பதால் வரும் களைப்பு.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். ஆக, உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம்.

இனி அறிவியலுக்கு வருவோம். கவலையோ கோபமோ வந்தால் உடல் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஓடவோ சண்டையிடவோ சக்தி தேவைப்படும் என்று எண்ணி, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அளவு ஏறி நிற்கும். அதே கஞ்சியைக் குடித்தும் இன்று அளவு கூடியிருந்தால், “திருட்டுத்தனமா என்ன சாப்பிட்டே?” என்று தாத்தாவை விசாரிப்பது அநியாயம். நேற்றிரவு அவர் தூங்காமல் கிடந்திருக்கலாம்.

அளவு குறைந்தாலும் மனம் மாறும். மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். இரத்தத்தில் அது லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கும் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், சிடுசிடுப்பு வரும். இன்சுலின் போட்டுக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்கி வேலை செய்பவருக்கு இது நேரலாம். உழைக்கும் தசைகள் குளுக்கோஸை வேகமாக இழுத்துக்கொள்ளும். அப்போது அவர் எரிந்து விழுந்தால் அதைக் குணம் என்று எண்ணிவிடாதீர்கள்.

வகுப்பிலும் இப்படி ஒரு நண்பர் இருக்கலாம். முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, தொற்றுவதுமல்ல. ஆனால் கேலிக்குப் பயந்து கழிவறையில் ஒளிந்து ஊசி போடுபவர்களும், சிற்றுண்டிச்சாலையில் நண்பர்களோடு சேர்ந்து சாப்பிடுவதற்காக ஊசியையே தவிர்ப்பவர்களும் உண்டு. எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் கவலை தருகிறது. இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும்.

அந்த நண்பர் வகுப்பு நடுவில் இனிப்பு சாப்பிட்டால் சிரிக்காதீர்கள். அது அவருக்கு மருந்து: ஏறக்குறைய 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மயங்கி விழுந்துவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆசிரியரை அழையுங்கள், 999-க்குப் பேசச் சொல்லுங்கள்.